ஆய்வுக்கூடத்தில் ஒரு பூத யக்ஞம்

திருமலைக்கு யாத்திரை செல்லும் அன்பர்களில் பலர், வேங்கடவனைத் தரிசித்தபின் ஸ்ரீகாளஹஸ்திக்கும் சென்று வருவது வழக்கம். சுவர்ணமுகி நதிக்கரையில் வாயுலிங்கமாக எழுந்தருளியுள்ள காளத்திநாதரைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். அத்தலத்தின் பெயரிலேயே மூன்று உயிர்கள் குடிகொண்டிருக்கின்றன. ஸ்ரீ என்பது சிலந்தி. காளம் என்பது பாம்பு. ஹஸ்தி என்பது யானை. மூன்றும் அங்கே சிவபெருமானைப் பூஜித்து முக்தி பெற்றன என்பது தலபுராணம்.

பாம்பு மணிகளைக் கொண்டுவந்து லிங்கத்திற்குச் சூட்டியது. யானை துதிக்கையில் நீர் கொணர்ந்து, அம்மணிகளை அகற்றி, அபிஷேகம் செய்து, இலைகளைச் சாத்தியது. மறுநாள் பாம்பு அந்த இலைகளைத் தள்ளிவிட்டு மீண்டும் மணிகளை வைத்தது. ஒன்றின் பூஜைப் பொருள் மற்றொன்றின் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றியது. முடிவில் பாம்பு யானையின் துதிக்கைக்குள் புகுந்தது, இரண்டும் மடிந்தன. இறைவனோ இரண்டின் பக்தியையும் ஏற்றுக்கொண்டு இரண்டையும் ஆட்கொண்டார்.

இக்கதையைக் கேட்டு நாம் கைகூப்புகிறோம். விலங்குகளுக்கும் உள்ளே ஒரு வாழ்வு உண்டு, அதை இறைவன் அறிவான் என்று மகிழ்கிறோம். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் திருப்பதி நகரம் இருக்கிறது. திருமலையின் அடிவாரமாகிய அந்நகரம் ஒரு கல்வி நகரமும் ஆகும். 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1955-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே தொடங்கப்பட்டன. 2005-இல் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. 2015 முதல் மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் செயல்பட்டு வருகிறது. நாட்டின் பல நகரங்களில் உள்ளவற்றைப் போலவே இத்தகைய நிலையங்களிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உயிரைப் பற்றிக் கற்கிறார்கள். அவ்வாறு கற்பதற்கு மனிதன் காலங்காலமாக விலங்குகளின் உடலையே பாடநூலாகக் கொண்டிருக்கிறான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கோயிலில் எந்த உயிரை இறைவனின் அடியாராக வணங்குகிறோமோ, அதே உயிரை ஆய்வுக்கூடத்து மேஜையில் வெறும் பொருளாகக் கருதலாமா? கருதக் கூடாதெனில், அதைக் கொண்டு ஆராய்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் உரிய கடமை யாது?

ஒரு மாணவியின் கேள்வி

இதை எழுதுபவன் சித்தூர் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன். ஆகவே பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதியோடு இதை எழுதவில்லை. தன் கணக்கைத் தானே பார்க்கும் முயற்சியாகவே எழுதுகிறான்.

அக்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் செய்முறை வகுப்புக்குத் தவளைகள் சாக்கில் கட்டப்பட்டு வந்துசேரும். ஒரு மாணவருக்கு ஒரு தவளை. குளோரோஃபார்ம் ஜாடியில் இட்டு, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கைகால்களில் ஊசி குத்தி, வயிற்றைத் திறந்து இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் காட்ட வேண்டும். படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் பெற வேண்டும். வகுப்பு முடிந்ததும் அட்டெண்டர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் திரட்டி வெளியே கொண்டுபோவார். அந்த வாளியை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு மாணவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "சார், இந்தத் தவளைக்குள்ளே நம் புத்தகத்தில் இல்லாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "புத்தகத்தில் உள்ளதுதான் அம்மா. ஆனால் கைப்பழக்கம் வர வேண்டாமா?" என்றேன். அவள் அன்று அறுக்கவில்லை. நான் விதிப்படி அந்தப் பகுதிக்கு மதிப்பெண் தரவில்லை. அவளும் முறையிடவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் என் விடையில் இருந்த குற்றம் எனக்கு விளங்கியது. அவள் கேட்டது அறிவைப் பற்றி. நான் சொன்னது பழக்கத்தைப் பற்றி. புதிதாக எதுவும் அறியப்போவதில்லை என்று ஒப்புக்கொண்ட பின்னரும் ஓர் உயிரை எடுக்கச் சொன்னேன். கருணையின் பக்கம் நின்றவளுக்குத் தண்டனையும் அளித்தேன்.

இல்லறத்தானின் ஐந்து கொலைக்களங்கள்

உயிர்களுக்குச் சிறிதும் தீங்கு செய்யாமல் இவ்வுலகில் வாழ இயலுமா? இயலாது என்று நம் தர்ம நூல்கள் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றன. இல்லறத்தான் ஒவ்வொருவன் வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்று மனுஸ்மிருதி கூறுகிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகியவையே அவை. இவற்றால் அன்றாடம் எத்தனையோ சிற்றுயிர்கள் மடிகின்றன. 'பஞ்ச ஸூனா' என்பது இவற்றின் பெயர். அந்தப் பாவம் தீரவே ஐந்து வேள்விகள் இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்டன. வேதம் ஓதுதல், முன்னோரை நினைத்தல், தேவர்களை வழிபடுதல், விருந்தினரைப் போற்றுதல் ஆகிய நான்கோடு, எல்லா உயிர்களுக்கும் உணவளிக்கும் பூத யக்ஞமும் அவற்றுள் ஒன்று. காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றிலும், எறும்பு உண்ணட்டும் என்று அரிசி மாவினால் இடும் கோலத்திலும் அந்த வேள்வி இன்றும் நம் இல்லங்களில் வாழ்கிறது.

இவ்விதியில் அடங்கியுள்ள நேர்மை நம் சிந்தனைக்கு உரியது. அடுப்பையே மூட்டாதே என்று அது சொல்லவில்லை. அடுப்பில் உயிர்கள் மடிவதில்லை என்று பொய்யும் சொல்லவில்லை. தீங்கு நேர்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள், அதை எண்ணி வருந்து, இயன்றவரை குறை, நாள்தோறும் ஈடு செய் என்கிறது.

ஆய்வுக்கூடமும் ஒரு வீடே. அறுக்கும் தட்டு, ஊசி, கூண்டு, விலங்கினம் பெருக்கும் அறை, காட்டில் விரிக்கும் வலை ஆகியவை அந்த வீட்டின் ஐந்து களங்கள் எனலாம். ஆனால் இந்த வீட்டுக்கு உரிய பூத யக்ஞம் எது? அதை வகுக்காமல் அறிவை மட்டும் பெற்றுக்கொண்டு செல்பவன், உண்டுவிட்டுக் காக்கைக்கு வைக்காத இல்லறத்தானைப் போன்றவன்.

சட்டம் வகுத்த எல்லை

நம் நாட்டில் இதற்கான முதல் படியைச் சட்டம் வகுத்தது. அதற்குப் பெரிதும் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளின் துன்பத்தைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் பயனாக அரசு ஒரு குழுவை அமைத்தது. 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே விளங்கினார்.

அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. உயிரைக் காக்கவும், நோயை வெல்லவும், துன்பத்தைத் தணிக்கவும் பயன்படும் அறிவுக்காகச் செய்யப்படும் சோதனைகளை அது அனுமதிக்கிறது. அதே சமயம், அவற்றைக் கண்காணிக்கும் குழுவுக்குச் சில கட்டளைகளையும் இடுகிறது. சோதனை மனிதாபிமானத்துடன் நடைபெற வேண்டும். அறுவைக்கு இயன்றவரை மயக்க மருந்து தர வேண்டும். புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவை போதுமான இடத்தில் விலங்கைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் விலங்கை நன்கு பராமரிக்க வேண்டும். கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்யக் கூடாது.

கடைசியாகச் சொன்ன அந்த வரியைப் படித்தபோது என் தலை குனிந்தது. அந்த மாணவிக்கு நான் அளித்த சமாதானம் 'கைப்பழக்கம்' என்பதே. பாராளுமன்றம் 1960-லேயே விலக்கிவைத்த காரணத்தை, விலங்கியல் ஆசிரியனாகிய நான் அறியாமலே பெருமையுடன் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1998-இல் வந்த விதிகளின்படி, விலங்குகளைக் கொண்டு ஆராயும் நிறுவனங்களில் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானிகளுடன் கால்நடை மருத்துவர் ஒருவரும், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உடைய ஒருவரும் இடம்பெறுவர். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கியல் வகுப்புகளில் அறுவையைக் குறைக்க வழிகாட்டியது. 2014-இல் அதை முற்றிலும் நிறுத்தச் சொன்னது. இன்று மாணவர்கள் கணினித் திரையில் தவளையின் உறுப்புகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள். தவறு செய்தால் மீண்டும் தொடங்கலாம். மெழுகுத் தட்டில் கிடந்த தவளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆயினும் சட்டம் வெளி வேலி மட்டுமே. குழுவின் அனுமதிக் கடிதம் ஒரு காகிதம். கூண்டின் முன் யாரும் இல்லாத நேரத்தில் ஆய்வாளன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அவனது மனசாட்சி ஒன்றே அறியும்.

ஆட்டுக்கும் குரங்குக்கும் பட்ட கடன்

'அப்படியானால் விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி அனைத்தையும் நிறுத்திவிடலாமே' என்று சில அன்பர்கள் கேட்கலாம். அவ்வளவு எளிதாக விடை கூற இயலாது. நம் குழந்தைகளைக் காத்த தடுப்பூசிகளின் வரலாற்றைப் பார்த்தால் இது புரியும்.

நீலகிரியில் உள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவது அதன் பணி. அந்நோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. டேவிட் செம்பிள் என்பவர் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1911-ஐ ஒட்டி உருவாக்கிய முறையில், நம் நாட்டில் பல ஆண்டுகள் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியைச் செலுத்தி, ஆடு நோயுற்றபின் அந்த மூளையிலிருந்து மருந்து எடுக்க வேண்டும். வயிற்றில் நாள்தோறும் போடப்பட்ட அந்த ஊசிகளை இன்றைய முதியோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனையோ மனித உயிர்களை அது காத்தது. ஒவ்வொரு மருந்துக் குப்பியின் பின்னும் ஓர் ஆட்டின் வேதனை இருந்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் ஊசி போட்டுக்கொண்ட மனிதர் சிலருக்குப் பக்கவாதம் போன்ற கொடிய விளைவுகளும் நேர்ந்தன.

ஆராய்ச்சியாளர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 1962-இல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் கலங்களில் தொடர்ந்து வளர்க்க வழி கண்டனர். 'வீரோ' என்ற பெயர் பெற்ற அந்தச் செல் வரிசையில் நோய்க்கிருமியை வளர்த்துத் தடுப்பூசி செய்யலாம். ஆட்டின் மூளை தேவையில்லை. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா பழைய ஊசியை அறவே கைவிட்டது. ஆடும் தப்பியது, மனிதனுக்கும் தீங்கற்ற மருந்து கிடைத்தது.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் வழி, பல வேளைகளில் மனிதனுக்கும் நல்ல வழியாகவே அமைகிறது என்பது ஒன்று. கடன் தீர்ந்துவிடவில்லை என்பது மற்றொன்று. எங்கோ ஒரு குரங்கின் உடலிலிருந்து வந்த செல்கள் இன்றும் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கின்றன. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை பெயர் தெரியாத அந்தக் குரங்குக்குக் கடன்பட்டிருக்கிறது. முன்னோருக்கு நன்றி சொல்லும் நாம், இந்த உயிர்களுக்கு என்றேனும் நன்றி சொன்னதுண்டா?

ரசல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1959-இல் எழுதிய நூலில் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்குப் பதிலாக வேறு வழி தேடுதல். பயன்படுத்தும் எண்ணிக்கையைக் குறைத்தல். தவிர்க்க முடியாதபோது வேதனையைத் தணித்தல். உலகமெங்கும் இவை ஏற்கப்பட்டுள்ளன. நம் நாடு நான்காவதாக மறுவாழ்வு என்ற நெறியையும் சேர்த்துக்கொண்டது. சோதனை முடிந்தபின் அந்த விலங்கின் எஞ்சிய வாழ்வுக்கும் ஆய்வாளனே பொறுப்பு என்பது அதன் பொருள். பூத யக்ஞத்தைப் பழகிய மண்ணில் இந்த நான்காம் நெறி தோன்றியது பொருத்தமே.

திருப்பதிக்கு வந்த சிங்கங்கள்

மறுவாழ்வு என்றால் என்ன என்பதைத் திருப்பதியிலேயே காணலாம். சேஷாசலத்தின் அடிவாரத்தில், ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், 1987-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா விலங்கியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1998-இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். கேரள உயர் நீதிமன்றம் 2000-இலும், உச்ச நீதிமன்றம் 2001-இலும் அத்தடையை உறுதி செய்தன. கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட விலங்குகளுக்கென நாட்டின் சில இடங்களில் மீட்பு மையங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று திருப்பதிப் பூங்காவில் அமைந்தது.

அங்கு வந்த சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்த கலப்பினங்கள். அவை தாமாகக் கலந்தவை அல்ல. மனிதன் தன் வசதிக்காகக் கூட்டியவை. தூய ஆசிய இனத்தைக் காக்கும் திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. காட்டில் விடவும் இயலாது. இனப்பெருக்கம் செய்யவும் கூடாது. இனி அவற்றால் நமக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை.

கணக்குப் பார்ப்பவன் கேட்பான்: 'பயனற்ற விலங்குக்கு எதற்கு இத்தனை இறைச்சியும் மருந்தும் ஆட்களும்?' தர்மம் விடை கூறும்: 'அவை தாமாக இங்கு வரவில்லை. நீ உண்டாக்கினாய், நீ கூண்டில் அடைத்தாய், ஆகவே இறுதிவரை காப்பதும் உன் கடமை.' இயற்கையாக மரணம் வரும்வரை அவற்றை வைத்துக் காப்பதே அங்கு நடந்த பணி. முதிர்ந்த சிங்கத்தின் புண்ணுக்கு மருந்திட்ட மருத்துவரும், வேளை தவறாமல் உணவு வைத்த காவலரும், எவரும் அறியாத ஒரு வேள்வியைச் செய்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆய்வாளரும் தம் திட்டத்தை எழுதும்போது இதை நினைவில் கொள்ளட்டும். எத்தனை விலங்குகள் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று எழுதுகிறோம். ஆய்வு முடிந்த மறுநாள் அவை எங்கே இருக்கும் என்ற வினாவுக்கும் அதே தாளில் விடை இருக்க வேண்டும்.

சிகிச்சையே பாடமாகும்போது

'கைத்திறன் இல்லாமல் மருத்துவன் உருவாக முடியுமா?' என்ற வினா நியாயமானது. கால்நடை மருத்துவ மாணவன் உயிருள்ள விலங்கைத் தொடாமல் கற்க முடியாது. ஆனால் தொடுவதில் இரு வகை உண்டு. பழகுவதற்காக நலமுள்ள விலங்கைக் காயப்படுத்துவது ஒன்று. நோயுற்று வந்த விலங்குக்கு ஆசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்து, அதன் வாயிலாகப் பழகுவது மற்றொன்று. தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் பணியில் பயிற்சி பெறும் மாணவன், கற்கும்போதே சேவையும் செய்கிறான். இயற்கையாக இறந்த விலங்கின் உடலும் அவனுக்கு ஆசானாகலாம். மனிதர்கள் தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்வதைப் போன்றது அது.

பண்டிதன் யார் என்பதற்குப் பகவத் கீதை சமநோக்கையே இலக்கணமாகக் கூறுகிறது. அச்சமநோக்கைச் சொல்லும்போது மனிதரோடு பசுவையும் யானையையும் நாயையும் அது சேர்த்துக்கொள்கிறது. கால்நடை மருத்துவமனையின் வாசலில் நாள்தோறும் வந்து நிற்பவை பசுவும் நாயும் அல்லவா? அங்குள்ள மாணவனுக்குக் கீதையின் பரீட்சைக்கூடம் அதுவே.

சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர்ப் பசு இன்னொரு பாடம் தருகிறது. சுமார் மூன்றடி உயரமே உள்ள இந்தச் சின்னஞ்சிறு பசு, வறண்ட நிலத்துப் புல்லைத் தின்று சத்துள்ள பாலைத் தரும். அதிகப் பால் வேண்டுமென்று அயல்நாட்டு இனங்களோடு கலப்பினம் பெருக்கிய காலத்தில், இவ்வினம் அழிவின் விளிம்பிற்குச் சென்றது. பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வளர்த்து வருகிறது. விஞ்ஞானம் ஒரு கையால் இழக்கச் செய்ததை மறு கையால் மீட்க முயல்கிறது. இப்போது வேறோர் ஆசை வந்திருக்கிறது. வீட்டுக்கூடத்தில் வளர்க்க இன்னும் சிறிய பசு வேண்டும் என்கின்றனர் சிலர். பசுவை உயிராகக் காப்பது வேறு. அழகுப் பொம்மையாக ஆக்குவது வேறு. இந்த வேறுபாட்டை மக்களுக்கு எடுத்துச் சொல்வதும் ஆய்வாளரின் கடமையே.

காட்டிற்குள் செல்பவரும் இக்கடமைக்கு விலக்கல்லர். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்குகிறோம். திருப்பதி மலைப் பாறைகளில் உண்மையிலேயே பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. 1870-இல் பெடோம் என்பவர் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பாறையிலேயே முட்டைகளை ஒட்டி வைக்கும் உயிர் அது. இத்தகைய அரிய உயிர்களை ஆராய்பவர், எத்தனை பிடித்தோம் என்பதில் பெருமை கொள்ளலாகாது. அடையாளத்திற்காகப் பல்லி, தவளைகளின் விரல் நுனியை வெட்டும் முறை உலகெங்கும் இருந்து வந்துள்ளது. உடலின் புள்ளிகளைப் புகைப்படம் எடுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண முடியுமெனில், விரலை ஏன் வெட்ட வேண்டும்? ஆய்வாளர் திரும்பிய பின், அவர் வந்து சென்றதே அந்தப் பாறைக்குத் தெரியாமல் இருப்பது சிறந்த ஆய்வு.

ஆசிரியர் விதைப்பது எது?

ஆய்வாளரின் பிழை ஓர் ஆய்வோடு நிற்கலாம். ஆசிரியரின் பிழை தலைமுறைகளுக்குத் தொடரும். பதினேழு வயது மாணவன் முதன்முதலாக ஓர் உயிரைக் கொல்லும்போது அவன் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் அவனுள் இருக்கும் இறைவனின் குரல். 'பயப்படாதே, இது தவளைதானே' என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னால் நடுக்கம் நின்றுவிடும். அதனோடு வேறொன்றும் நின்றுவிடும். அவன் நாளை மருத்துவனாகி ஏழை நோயாளியின் முன் நிற்கும்போது, 'இது ஒரு கேஸ்தானே' என்று சொல்லப் பழகியிருப்பான். உணர்ச்சி மரத்துப்போவதைத் துணிவு என்று நாம் தவறாகக் கற்பித்துவிடக் கூடாது. கை நடுங்காமல் இருக்கப் பயிற்சி வேண்டும். நெஞ்சு இளகியே இருக்கவும் பயிற்சி வேண்டும்.

ஜீவனைச் சிவமாகக் கண்டு தொண்டு செய்வதே நம் நெறி. ஜீவன் என்ற சொல்லுக்கு மனிதன் என்று மட்டும் பொருள் கொண்டால் அந்நெறி பாதியாகிவிடும். ஆகவே, கற்பிக்கும் பணியில் உள்ள அன்பர்கள் சில எளிய விரதங்களை மேற்கொள்ளலாம்.

விலங்கைப் பயன்படுத்துமுன், 'இது இல்லாமல் இதை அறிய வழி உண்டா?' என்று மாணவர்களோடு சேர்ந்து உரக்கக் கேளுங்கள். மனம் ஒப்பாத மாணவனுக்கு வேறு பயிற்சி கொடுங்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தவிர்க்க முடியாத சோதனையெனில், தொடங்குமுன் ஒரு நிமிடம் அனைவரும் மௌனமாக நின்று அந்த உயிரை நன்றியோடு நினையுங்கள். கூண்டின் தூய்மையையும் குடிநீரையும் பணியாளரிடம் மட்டும் விட்டுவிடாமல், வாரம் ஒருமுறையேனும் நேரில் சென்று பாருங்கள். ஒரே சோதனையை ஆண்டுதோறும் வழக்கத்திற்காகத் திரும்பச் செய்யாதீர்கள். முன்னவர் செய்து பெற்ற முடிவு இருக்க, மீண்டும் ஓர் உயிரை எடுப்பது கற்றவருக்கு அழகன்று.

ஆராய்ச்சியாளர் அல்லாத நாமும் இக்கடனிலிருந்து விடுபட்டவர் அல்லோம். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை முதலில் ஏதோ ஒரு விலங்கின் உடலில் சோதிக்கப்பட்டவையே. ஆய்வுக்கூடத்தை மட்டும் குறை கூறிவிட்டு மருந்துக் கடைக்குச் செல்வது நேர்மையாகாது. வாசலில் வந்து நிற்கும் நாய்க்கு ஒரு கிண்ணம் நீரும், கோடையில் பறவைக்கு மாடியில் ஒரு சட்டித் தண்ணீரும் வைப்பது, நம்மால் இயன்ற பூத யக்ஞம். நன்கொடை தரும் வசதி உள்ளவர்கள், விலங்கின்றிக் கற்பிக்க உதவும் மாதிரி உருவங்களைத் தங்கள் ஊர்க் கல்லூரிக்கு வாங்கித் தரலாம். அதுவும் வித்யா தானமே.

ஓய்வு பெற்ற பின் ஒருநாள் ஸ்ரீகாளஹஸ்திக்குச் சென்றிருந்தேன். சிலந்தியையும் பாம்பையும் யானையையும் ஆட்கொண்ட சந்நிதியில் நின்றபோது, என் கையெழுத்திட்ட ரெக்கார்டு நோட்டுகளும் ஆண்டுதோறும் வெளியே சென்ற அந்த வாளியும் நினைவுக்கு வந்தன. அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்பதை அறியேன். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இறைவனிடம் கேட்டேன். அவளது கேள்வியை இப்போது இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கிறேன். உங்கள் மேஜையின் மேல் கிடக்கும் அந்த உயிருக்குள், புத்தகத்தில் இல்லாதது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அதைக் கத்தி காட்டாது. காளத்திநாதர் கண்டுகொண்டது அதைத்தான். அதைக் காணும் கண்ணை அவரே நமக்கு அருள்வாராக!